உள்நாட்டுக்குள் ஒரு மகா சமுத்திரம்

நியூயார்க் நகரத்துக் கென்னடி விமான நிலையத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில், நானும் என் மனைவியும் எங்கள் பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டியபோது, அங்கே இருந்த உத்தியோகஸ்தர் அவற்றிலுள்ள பெயரையும் படத்தையும் எங்கள் முகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முத்திரை எதுவும் குத்தாமல், எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஒரு வார்த்தையும் கேட்காமல், புன்முறுவலோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் மோட்டார் ஓட்டும் லைசென்ஸைக் காட்டிவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் போகவிருந்த இடமோ ஹவாய்த் தீவுகளின் தலைநகரமான ஹொனலூலு. அதாவது, சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே எவ்வளவு தொலைவோ ஏறக்குறைய அவ்வளவு தொலைவு, சுமார் 8,000 கிலோமீட்டர். அதில் ஒரு பாதி அமெரிக்கக் கண்டத்தின் முழு அகலம். மறு பாதி, கால் ஊன்ற ஒரு பாறைகூட இல்லாத பசிபிக் மகா சமுத்திரம். ஆயினும் அது உள்நாட்டுப் பிரயாணம். சென்னையில் ஏறி மதுரையில் இறங்குகிறவருக்கு எந்தச் சட்டமோ, அதே வகைச் சட்டந்தான் அதற்கும்.

எங்கள் மகள் உத்தியோக நிமித்தம் பல ஆண்டுகள் பறந்து பறந்து சேர்த்து வைத்திருந்த மைல் கணக்கையெல்லாம் ஒருசேரச் செலவிட்டு, வயதான பெற்றோர் கால் நீட்டிப் போய் வரட்டும் என்று முதல் வகுப்பில் இரண்டு இடங்கள் வாங்கித் தந்திருந்தாள். அந்த அன்பின் பயனாக, நெடுந்தூர உள்நாட்டுப் பயணம், அதில் முதல் வகுப்பு, போய்ச் சேருமிடம் உஷ்ணப் பிரதேசத்துத் தீவு என்ற மூன்றும் ஒன்று கூடிய அபூர்வமான அனுபவம் எங்களுக்கு வாய்த்தது. அதைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றை, அவ்வழி போக நினைப்பவர்களுக்கும், போகாவிட்டாலும் உலகத்தின் போக்கை அறிய விரும்புகிறவர்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இத்தகைய பயணங்கள் உலகில் மிகச் சிலவே. நியூயார்க்குக்கும் ஹொனலூலுவுக்கும் இடையே ஹவாயியன் ஏர்லைன்ஸ் 2012-ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கியது. 2019-இல் அதே நிறுவனம் பாஸ்டன் நகரத்திலிருந்து தொடங்கிய சேவை, சுமார் 8,200 கிலோமீட்டர் தூரத்தோடு, அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களில் மிக நீண்டது என்ற பெயரைப் பெற்றது. இவை எல்லாவற்றையும் விஞ்சுவது பாரிஸ் நகரத்திலிருந்து இந்து மகா சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவுக்குச் செல்லும் பிரெஞ்சு உள்நாட்டு விமானம். 9,300 கிலோமீட்டருக்கும் மேலே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்ட தீவு அது; அவர்களுடைய சந்ததியார் இன்று பிரெஞ்சுக் குடிமக்களாகப் பாரிஸுக்கு “உள்ளூர்” விமானத்தில் போய் வருகிறார்கள்.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

முதல் வகுப்பு என்ற சொல்லை அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் கேட்டதும், கதவு மூடிய தனியறையும் வெள்ளித் தட்டும் மனத்தில் தோன்றினால், அது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். விமானப் போக்குவரத்தின் தொடக்க காலத்தில் அங்கே வகுப்பு என்ற பேதமே கிடையாது. விமானத்தில் போகும் வசதி படைத்தவர் எல்லாரும் ஒரே உபசாரத்தைப் பெற்றனர். 1948-இல் கேப்பிடல் ஏர்லைன்ஸ் என்ற நிறுவனம் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே இரவில் குறைந்த கட்டண சேவை ஒன்றைத் தொடங்கி, அது ஜனங்களிடையே பெரும் ஆதரவு பெற்ற பின்னர்தான், மலிவானது ஒன்று என்றும் பழையது முதல் வகுப்பு என்றும் இரண்டு பிரிவுகள் நிலைபெறலாயின. இன்று இரண்டு மூன்று மணி நேரம் பறக்கும் உள்நாட்டு விமானங்களில் முதல் வகுப்பு என்பது அகலமான நாற்காலி, சற்றே சாயும் முதுகு, கால் மடக்காமல் உட்கார இடம், ஒரு வேளைச் சாப்பாடு என்ற அளவோடு நின்றுவிடும். வெளிநாட்டுப் பயணங்களில் அதே பெயருக்குப் படுக்கை என்று பொருள்.

ஹவாய்ப் பயணம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டம் அதை உள்நாடு என்கிறது. பதினொரு மணி நேரம் உட்கார வேண்டிய உடம்போ அதைக் கடல் கடந்த பிரயாணமாகவே அனுபவிக்கிறது. கலிபோர்னியா முதலிய மேற்குக் கரை நகரங்களிலிருந்து ஐந்தாறு மணி நேரத்தில் போய்ச் சேரும் விமானங்கள் பலவற்றில் முதல் வகுப்பு இன்றும் சாய்வு நாற்காலியே. கிழக்குக் கரையிலிருந்து செல்லும் பெரிய விமானங்களில்தான், தூரத்துக்குக் கட்டுப்பட்டு, முழுதும் படுக்கையாக விரியும் இருக்கைகளை வைத்திருக்கிறார்கள். ஹவாயியன் நிறுவனத்தின் ஏர்பஸ் 330 விமானத்தில் உள்ள 278 இடங்களில் முன்பகுதியிலுள்ள 18 இடங்கள் இரண்டிரண்டாக அமைந்த படுக்கை இருக்கைகள். 2024-இல் அது இயக்கத் தொடங்கிய போயிங் 787 விமானத்தில் அத்தகைய இடங்கள் 34, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கதவும் உண்டு. ஆகையால் இந்தப் பயணத்துக்குச் சீட்டு வாங்குகிறவர், “முதல் வகுப்பு” என்று அச்சிட்டிருப்பதோடு திருப்தி அடையாமல், எந்த வகை விமானம், இருக்கை முழுதும் படுக்கையாகுமா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கட்டவேண்டும்.

நீலகிரி உயரமும் பாலைவன வறட்சியும்

விமானத்தின் வாலில் பூச்சூடிய பெண் ஒருத்தியின் முகம் தீட்டப்பட்டிருந்தது; அவளுக்குப் ‘புஆலானி’, அதாவது வானத்து மலர், என்று பெயர். உள்ளே நுழைந்ததும், காதோரம் மலர் செருகிய பணிப்பெண் ஒருத்தி எங்களுக்குக் கொய்யாச் சாறு கொணர்ந்து தந்தாள். என் மனைவி தன் இருக்கையின் பொத்தானை அழுத்தி, அது மெல்ல மெல்ல நீண்டு தட்டையாவதைப் பார்த்து, “நம் ஊர் ரயிலில் அப்பா பெர்த் விரித்துப் போடுவாரே, அது மாதிரி இருக்கிறது” என்றாள். உண்மையில் அதைவிடப் பொருத்தமான வர்ணனை எனக்கும் தோன்றவில்லை. ஆறடிக்குச் சற்று மேற்பட்ட நீளம், ஒரு தலையணை, ஒரு மெத்தைப் போர்வை: ஆடம்பரம் என்று நாம் நினைப்பதன் உள்ளே இருப்பது, மனித உடம்பு பிறந்த நாள் முதல் கேட்கும் மிக எளிய ஒரு வரம்.

ஆயினும் எவ்வளவு விலை கொடுத்தாலும் வாங்க முடியாத சில அங்கே உண்டு. பறக்கும் விமானத்தின் உட்காற்று, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள காற்றின் அழுத்தத்தில் வைக்கப்படுகிறது. உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் அது விளங்கும். ஆனால் உதகையின் ஈரம் அங்கே இராது. காற்றின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும். நீலகிரியின் உயரத்தையும் பாலைவனத்தின் வறட்சியையும் ஒரே அறையில் அடைத்து வைத்தாற்போன்ற அந்தச் சூழ்நிலை, முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் பேதம் பார்ப்பதில்லை. மூக்கு வறண்டு மோப்பம் மங்குகிறது; மோப்பம் மங்கினால் நாவின் சுவையும் மங்குகிறது. உப்பும் இனிப்பும் வெகுவாகக் குறைந்து தோன்ற, புளிப்பும் காரமும் மட்டும் ஏறக்குறையத் தம் நிலையில் நிற்கின்றன. பீங்கான் தட்டில் அழகாகப் பரிமாறப்பட்ட சோறும் காய்கறியும் எங்களுக்குச் சப்பென்று இருந்தன. என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து, அதிலிருந்த எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். வானத்தில் 11 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஊறுகாய் வீட்டில் ருசித்தபடியே ருசித்தது. கட்டுச்சோற்று மூட்டையோடு ஊறுகாயையும் மறவாமல் கட்டிக் கொடுத்த நம் பாட்டிமாரின் அனுபவ ஞானத்தை அப்பொழுது நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் ஆழ்ந்த இரத்தக் குழாய்களில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. சாதாரண வகுப்பின் வியாதி என்று இதற்கு ஒரு பெயர் வழங்கினாலும், காரணம் இருக்கையின் வகுப்பு அன்று, அசையாமையே என்பது வைத்தியர்களின் முடிவு. ஆகவே மெத்தையில் இருப்பவரும் எழுந்து நடக்கத்தான் வேண்டும். தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

போகையில் பகல், வருகையில் இரவு

யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத ஓர் உண்மையை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். நியூயார்க்கிலிருந்து காலையில் புறப்படும் விமானம் மேற்கு நோக்கிச் சூரியனோடு கூடவே ஓடுகிறது. எதிர்க்காற்றை மீறிச் சுமார் பதினொரு மணி நேரம் பறந்து ஹொனலூலுவில் இறங்கும்போது, கோடை காலத்தில் இரண்டு ஊர்களுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம் இருப்பதால், அங்கே அதே நாளின் பிற்பகல்தான். பிரயாணம் முழுவதும் பட்டப்பகல். படுக்கை இருந்தும் உறக்கம் வருவதில்லை. திரும்பும்போதோ, பிற்பகலில் தீவை விட்டுப் புறப்பட்டு, பின்காற்றின் தயவால் ஒன்றரை மணி நேரம் குறைவாகவே பறந்தாலும், இரவைக் கிழித்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் கொண்டு சேர்க்கிறது. அப்பொழுது நித்திரைக்குக் கிடைப்பதே நான்கைந்து மணி நேரந்தான். அதையும் நாற்காலியில் கழித்தால் அடுத்த இரண்டு நாட்கள் பாழாகும். ஆதலால், இரு வழிக்கும் முதல் வகுப்பு வாங்கும் சக்தி இல்லாதவர்கள், ஒரு வழிக்கு மட்டும் வாங்குவதானால், உற்சாகத்தோடு புறப்படும் நாளை விட்டுவிட்டு, களைத்துத் திரும்பும் இரவுக்கு வாங்குவதே விவேகம்.

பகற்பயணத்துக்கு ஒரு பெரும் லாபம் உண்டு: கடலைப் பார்க்கலாம். கலிபோர்னியாக் கரை பின்னால் மறைந்த பிறகு, 3,850 கிலோமீட்டர் வரை கீழே தெரிவது நீலம் ஒன்றே. இறங்க ஓர் இடமில்லாத அந்த வெளியின் மேல் இரண்டே எஞ்சின்கள் கொண்ட விமானம் பறப்பதற்கு, மிக அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரப் பறப்புத் தொலைவு வரை விலகிச் செல்லலாம் என்ற பிரத்தியேக அனுமதி வேண்டும். ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு கரை சேர முடியும் என்று நிரூபித்த விமானங்களுக்கே அது கிடைக்கும். வழியில் விமானிகள் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் புள்ளிக்கு முன் ஆபத்து நேர்ந்தால் திரும்பிவிடுவது, அதைக் கடந்த பின் நேர்ந்தால் முன்னே போய்விடுவது. போகவும் திரும்பவும் ஒரே நேரம் ஆகும் அந்த இடம், எதிர்க்காற்றின் காரணமாக நடுக்கடலில் அமையாமல் ஹவாய்ப் பக்கமாகச் சற்றுத் தள்ளி அமைகிறது. மெத்தைப் போர்வைக்குள் படுத்திருப்பவரின் தலைக்கு முன்னே, சில அடி தூரத்தில், இந்தக் கணக்கு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இறக்கையைப் பாயாக விரித்தவர்கள்

இந்தக் கடலை ஆகாய மார்க்கமாகக் கடக்க மனிதன் பட்ட பாட்டை அறிந்தால், அந்தப் படுக்கையின் மதிப்பு இன்னும் உயரும். 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் ராட்ஜர்ஸ் என்பவர், நால்வரைத் துணைக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோ அருகிலிருந்து கடல் விமானம் ஒன்றில் ஹவாய் நோக்கிப் புறப்பட்டார். ஒரு நாளுக்கும் மேலாகப் பறந்த பிறகு, எரிபொருள் தீர்ந்து, விமானம் நடுக்கடலில் இறங்கிவிட்டது. தேடிவந்த கப்பல்கள் அவர்களைக் காணவில்லை. அப்பொழுது அந்த ஐவரும் விமானத்தின் இறக்கையிலிருந்த துணியைக் கிழித்துப் பாயாகக் கட்டி, மழை நீரைப் பிடித்துக் குடித்து, பறக்க வந்த யந்திரத்தை ஓடமாக்கி, ஒன்பது நாட்களில் எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதந்து, கவாய் என்ற தீவின் அருகே உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டே ராட்ஜர்ஸ் வேறொரு விமான விபத்தில் மாண்டுபோனார். 1927-இல் ஹொனலூலுவில் திறக்கப்பட்ட விமான நிலையத்துக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். இன்று வேறு பெயர் தாங்கி நிற்கும் அதே நிலையத்தில்தான் நாங்கள் இறங்கினோம்.

அந்த 1927-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மெயிட்லண்டு, ஹெகன்பர்கர் என்ற இரு ராணுவ விமானிகள் 25 மணி 50 நிமிஷத்தில் இக்கடலை முதன்முதலாக இடைநில்லாமல் கடந்தார்கள். அதையடுத்து ஆகஸ்டில், அன்னாசி வியாபாரியான ஜேம்ஸ் டோல் என்பவர் பரிசு அறிவித்து நடத்திய பந்தயமும், அதற்கான ஆயத்தங்களும், காணாமற்போனவர்களைத் தேடிய முயற்சியும் பத்து உயிர்களைப் பலி கொண்டன. 1936-இல் பான் அமெரிக்கன் நிறுவனம் பெரிய கடல் விமானங்களில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியபோது, இரவெல்லாம் பறக்கவேண்டியிருந்ததால், அவற்றில் உறங்குவதற்குப் படுக்கைகள் அமைத்திருந்தார்கள். இன்று புதுமை என்று போற்றப்படும் வானத்துப் படுக்கை, இந்தச் சமுத்திரத்தின்மேல் முதன்முதல் பறந்த பிரயாணிகளுக்கே இருந்தது என்பதை அறியும்போது, தூரம் எப்பொழுதும் ஒரே வரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்பது புலனாகிறது.

உள்நாடான கதை

அந்த முதல் பிரயாணிகள் போனது அமெரிக்காவின் ஒரு மாகாணத்துக்கு அல்ல. ஹவாய் அதற்கும் முன்பு தனி அரசாக, தன் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தேசம். 1893-ஆம் ஆண்டு ஜனவரியில், கரும்புத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களுமாகச் சேர்ந்து, கரையிறங்கிய அமெரிக்கப் போர்வீரர்களின் பக்கபலத்தோடு, இசைப் புலமை மிக்க லிலியுஓகலானி ராணியை அரியணையிலிருந்து இறக்கினார்கள். 1898-இல் அத்தீவுகள் அமெரிக்காவோடு சேர்த்துக்கொள்ளப்பட்டன. 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் தேதி ஐம்பதாவது மாநிலமாயின. 1993-இல் அமெரிக்கக் காங்கிரஸ், நூறாண்டுக்கு முன் நடந்த கவிழ்ப்புக்காக அத்தீவின் ஆதிக்குடிகளிடம் முறைப்படி மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. நாங்கள் முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டோடு நடந்து சென்ற அந்தச் சௌகரியத்துக்குப் பின்னால் இவ்வளவு சரித்திரம் இருக்கிறது. விருந்தாளியாகப் போகிறவன், தான் உட்காரும் திண்ணை யாருடையது என்று அறிந்துகொண்டு உட்காருவதே மரியாதை. நன்றாக உறங்கி, தெளிந்த கண்ணோடு போய் இறங்குகிறவனுக்கு அந்தக் கடமை இன்னும் அதிகம் என்று நான் நம்புகிறேன்.

ஹொனலூலுவிலிருந்து அரை மணி நேரப் பறப்பில் உள்ள கவாய்த் தீவுக்கும் போனோம். ராட்ஜர்ஸின் ஓடம் வந்து சேர்ந்த அதே தீவு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடரான அமெரிக்கர் சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-இல் நிறுவிய சைவ ஆதீனம் அங்கே இருக்கிறது. கணபதி ஸ்தபதியின் திட்டப்படி, பெங்களூரு அருகே உளிகொண்டு கையாலேயே செதுக்கிய கருங்கற்களைக் கப்பலில் கொண்டுபோய் அடுக்கிய இறைவன் கோயிலின் முன் நின்றபோது, கடல் பிரிக்கவும் செய்கிறது, சேர்க்கவும் செய்கிறது என்று தோன்றியது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, தோட்டத்து மரத்தில் பழுத்த மாம்பழங்கள் ஆறை ஒரு காகிதப் பையில் போட்டு, மகளுக்குக் கொடுங்கள் என்று என் மனைவியிடம் தந்தாள். திரும்பும் நாளில் விமான நிலையத்தில்தான் அறிந்தோம்: ஹவாயிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போகிறவர்களின் மூட்டைகளையெல்லாம் வேளாண்மை இலாகாவினர் சோதிக்கிறார்கள், பழ ஈக்களும் பூச்சிகளும் கடல் தாண்டிவிடக் கூடாது என்பதால் பச்சை மாம்பழமாயினும் கனிந்த மாம்பழமாயினும் கொண்டு போக அனுமதி இல்லை. தீவுக்குள் வரும்போதும் அப்படியே. செடி, விதை, பிராணி எதையாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்கும் படிவத்தை விமானத்திலேயே கொடுத்திருந்தார்கள். இயற்கையில் நிலப்பாம்பே இல்லாத அந்தத் தீவு தன்னைக் காத்துக்கொள்ள வேறு வழி இல்லை. மனிதருக்கு உள்நாடு; மாம்பழத்துக்கு அயல்நாடு.

“குப்பையில் போட மனசு வருமா?” என்றாள் என் மனைவி. சோதனைச் சாவடிக்கு வெளியே, ஈழத்தலரி மரத்தடியில் இருந்த பெஞ்சில் அமர்ந்து, காற்று சுகமாக வீசிக்கொண்டிருக்க, இருவருமாக ஆறு பழங்களையும் தோலோடு கடித்துத் தின்று தீர்த்தோம். முழங்கை வரை வழிந்த சாற்றைக் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். அன்றிரவு விமானத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தபோது, எவ்வளவு கழுவியும் போகாத மாம்பழ வாசனை என் விரல்களில் இருந்தது. வறண்ட அந்தக் காற்றிலும் அது மட்டும் மங்கவில்லை. அதை முகர்ந்தபடியே கண் அயர்ந்தேன்.